கபடி சொல்லிக்கொடுக்கப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆடுவதை நிறுத்திவிட்டு ஊர் டீமுக்கோ பள்ளிக்கோ கபடி சொல்லிக்கொடுக்க இறங்குபவர்களிடமிருந்து ஒரே மாதிரியான சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே திரட்டியிருக்கிறோம். ஒரு முறை சொன்னதை மறுபடி சொல்லாமல், கேள்வி எண்ணை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம்.

1. பத்து வருஷம் டிஸ்ட்ரிக்ட் லெவல்ல ஆடியிருக்கேன். கோச்சிங் கொடுக்க அது போதாதா?

பாதிதான் போதும். நல்ல லெஃப்ட் கார்னர் (தடுக்கும் அணியில் இடது கோடியில் நிற்பவர்) ஒருவரிடம் "எப்போ காலுக்குப் போறீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "அது தெரியும், போயிடுவேன்" என்பார். பாடி வரும் ரைடரின் எடை எந்தக் காலில் இறங்குகிறது, இடுப்பு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அவர் கண் பல வருஷமாகப் பார்த்துப் பழகியிருக்கிறது. ஆனால் தான் அதைப் பார்க்கிறோம் என்பதே அவருக்குத் தெரியாது. உடம்புக்குத் தெரிந்தது வாய்க்கு வந்தால்தான் பதினாலு வயதுப் பையனுக்குப் பயன்படும்.

அதற்கு ஒரு வழி உண்டு. போனை முழங்கால் உயரத்தில் நிறுத்தி, நீங்கள் பிடிக்கப் போகும் இருபது முயற்சிகளைப் படம் எடுங்கள். பிறகு மெதுவாக ஓடவிட்டு, நீங்கள் நகரத் தொடங்குவதற்குச் சற்று முன் ரைடரின் கால், இடுப்பு, பார்வை எப்படி இருந்தன என்று ஒவ்வொன்றுக்கும் எழுதுங்கள். தவறிய பிடிகளை விட்டுவிடாதீர்கள். அவைதான் அதிகம் சொல்லும். எழுதி முடித்தால் இரண்டு மூன்று அடையாளங்களே மாறி மாறி வந்திருக்கும். உங்களிடம் சொல்லிக்கொடுக்க இருக்கும் சரக்கு அதுதான்.

இன்னொன்று: கார்னரில் ஆடியவருக்குக் கார்னர் தெரியும், ரைடு தெரியாது. நீங்கள் ஆடாத இடத்துக்கு அந்த இடத்தில் ஆடிய ஒருவரைத் தேடிப்பிடித்து, இதே வேலையை அவரை வைத்துச் செய்யுங்கள்.

2. பாட்டியாலா போய் என்.ஐ.எஸ். முடிச்சே ஆகணுமா?

அரசு வேலையாகப் பயிற்சியாளர் பணி வேண்டுமென்றால் பெரும்பாலும் அந்த டிப்ளமோவைத்தான் கேட்பார்கள். பணி அறிவிப்பை வரிக்கு வரி படித்துவிட்டு முடிவெடுங்கள். பாட்டியாலாவில் 1961இல் தொடங்கிய நேதாஜி சுபாஷ் தேசிய விளையாட்டு நிறுவனம் நடத்தும் ஒரு வருட டிப்ளமோ ஒரு வகை, ஆறு வாரச் சான்றிதழ் படிப்பு இன்னொரு வகை. இரண்டையும் 'என்.ஐ.எஸ்.' என்றே சொல்லிக்கொள்வதால் குழப்பம் வரும். உடற்கல்வி ஆசிரியர் ஆவதற்கான பி.பி.எட். வேறு பாதை. சென்னையில் 1920இல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியும், மேலக்கோட்டையூரில் உள்ள தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகமும் அந்தப் பக்கம் சேர்ந்தவை.

படிப்பு கொடுப்பது என்ன? வளரும் உடம்பு எவ்வளவு சுமை தாங்கும், காயத்துக்குப் பிறகு எப்போது ஆடவிடலாம், போட்டி மாதத்தைக் கணக்குப் போட்டுப் பயிற்சியை எப்படிக் கூட்டிக் குறைப்பது என்பவை. மைதானத்தில் நின்று இவற்றைக் கற்க நினைத்தால் பத்துப் பையன்களின் முழங்கால் போகும். ஒரு ரைடரைப் படிக்கும் கண்ணைப் படிப்பு கொடுக்காது. அதற்கு அடுத்த கேள்வி.

3. சீனியர் கோச் பக்கத்துல நின்னா கத்துக்கலாம்னு சொல்றாங்க. நின்னு என்ன பார்க்கணும்?

பையன்களைப் பார்க்காதீர்கள், கோச்சைப் பாருங்கள். எப்போது விசில் அடித்து நிறுத்தினார், நிறுத்தி என்ன சொன்னார், எந்தத் தப்பைப் பார்த்தும் விட்டுவிட்டார் என்று மூன்று பத்தியாக நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது பத்திதான் முக்கியம். தெரியாமல் விட்டாரா, வேண்டுமென்றே விட்டாரா என்பது பயிற்சி முடிந்து டீ குடிக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி. பசங்க முன்னால் கேட்காதீர்கள். "ஏன் அப்படிச் செய்தீங்க?" என்று கேட்டால் பலருக்குப் பதில் வராது. "அந்த லெஃப்ட் கவர் ரெண்டு தடவை லேட்டா வந்தானே, ஏன்ணே விட்டுட்டீங்க?" என்று ஒரு சம்பவத்தைப் பிடித்துக் கேட்டால் கொட்டுவார்.

கூடவே கெட்டதும் ஒட்டிக்கொண்டு வரும். பயிற்சியில் தண்ணீர் குடிக்கக் கூடாது, தோற்றால் பத்து ரவுண்டு ஓடு, உட்கார்ந்தபடி தவளை நடை நட என்பவை தலைமுறை தலைமுறையாகக் கேள்வியின்றி வந்தவை. வெயிலில் தண்ணீர் கொடுக்காமல் ஆடவைப்பது ஆபத்து, அதில் விவாதமே இல்லை. முழங்காலை முழுக்க மடக்கித் தவளை நடை நடந்தால் மூட்டில் சுமை ஏறும், பலன் சொற்பம். யார் சொல்லிக்கொடுத்தாலும் "இது எதுக்கு?" என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இல்லாத பயிற்சியை விட்டுவிடுங்கள்.

4. யூடியூப்லயும் புரோ கபடியிலயும் பார்த்தே கத்துக்க முடியாதா?

2014இல் புரோ கபடி வந்த பிறகு, முன்பு ஒரு சில முகாம்களுக்குள் மட்டும் இருந்த நுணுக்கம் ஊர்ப் பையன் கையில் இருக்கும் போனுக்கு வந்துவிட்டது உண்மை. ஆனால் பார்க்கும் முறை வேண்டும். ரைடர் பாக் லைனை (எதிர்ப் பாதியில் உள்ள குறுக்குக் கோடு) தாண்டும் நொடியில் படத்தை நிறுத்துங்கள். அடுத்து யார் நகர்வார், எந்தப் பிடி விழும் என்று எழுதிவிட்டு ஓடவிடுங்கள். ஒரு ஆட்டத்தில் பதினைந்து ரைடை இப்படிப் பார்த்தாலே போதும். மீண்டும் மீண்டும் காட்டப்படும் துண்டுகளை மட்டும் பார்த்தால் வெற்றி பெற்ற அசைவு தெரியும். அதே அசைவு எட்டுத் தடவை தோற்றது தெரியாது.

டிவியில் பார்த்த டுப்கியை மறுநாளே பையன்களுக்குக் கொடுக்கும் அவசரம் வேண்டாம். செயினுக்கு (கை கோத்து நிற்கும் டிஃபெண்டர்கள்) அடியில் குனிந்து நழுவுவதற்கு முன், பாக் லைன் தாண்டித் திரும்பும் கால்வேகம் இருக்க வேண்டும். விதியிலும் வித்தியாசம் பாருங்கள்: இரண்டு ரைடு வெறுமையாகப் போனால் மூன்றாவது 'டூ ஆர் டை' என்பது உங்கள் ஊர் மின்னொளிப் போட்டியில் இருக்கிறதா என்று அமைப்பாளரிடம் கேட்டுவிட்டுத்தான் அதற்குப் பயிற்சி கொடுக்க வேண்டும்.

5. ரெஃப்ரி கோர்ஸ் கோச்சுக்கு எதுக்கு சார்?

ஏனென்றால் விதியிலேயே தந்திரம் இருக்கிறது. எதிரில் ஆறு பேரோ அதற்கு மேலோ நிற்கும்போதுதான் போனஸ் கோட்டைத் தாண்டியதற்குப் புள்ளி. மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ நின்று பிடித்தால் கூடுதலாக ஒரு புள்ளி. தொடுதல் நடந்த பிறகுதான் லாபி (இரு பக்க ஓரப் பட்டை) ஆடுகளத்தில் சேரும். தொடாமலேயே லாபிக்குள் கால் வைத்து வெளியேறும் டிஃபெண்டர்கள் எந்த ஊர்ப் போட்டியிலும் நாலு பேராவது இருப்பார்கள். அது ஆட்டக்காரர் தப்பு இல்லை, சொல்லிக்கொடுக்காதவர் தப்பு.

6. ஒரு டெக்னிக்கை ஆரம்பத்துலேருந்து எப்படிச் சொல்லிக்கொடுக்கணும்? ஆங்கிள் ஹோல்டையே, அதான் கணுக்கால் பிடியையே எடுத்துக்கலாம்.

முதலில் நிலை. முழங்கால் மடங்கி, எடை முன்பாதத்தில், நெஞ்சு நிமிர்ந்து, இரண்டு கையும் முழங்கால் உயரத்தில் முன்னால் இருக்க வேண்டும். பார்வை ரைடரின் முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவில். தரையைப் பார்த்தால் கால் வருவது தெரியும், போவது தெரியாது. போகும்போது ஒரு கை குதிகாலுக்குப் பின்னால் சுற்றி வர வேண்டும், மற்றக் கை அதைப் பூட்ட வேண்டும், தோள் கெண்டைக்காலோடு ஒட்ட வேண்டும். தலை ரைடருடைய காலின் வெளிப்பக்கம். உள்பக்கம் வைத்தால் மறு முழங்கால் முகத்தில் இடிக்கும். பல்லும் மூக்கும் உடைவது பெரும்பாலும் இதனால்தான். பூட்டிய பிறகு காலை உங்கள் நெஞ்சுக்குத் தூக்கி இழுங்கள். தரையோடு அழுத்தினால் ரைடர் உங்கள் மேலேயே விழுந்து நடுக்கோட்டைத் தொட்டுவிடுவார்.

பயிற்சியை ஐந்து படியாகப் பிரிக்கலாம். முதல் படியில் ரைடர் கால் ஊன்றி நிற்பார். ஆளுக்கு ஐந்து பிடி, மெதுவாக. இரண்டாம் படியில் இரண்டடி நடந்து வந்து கால் வைப்பார். மூன்றாம் படியில் ரைடருக்குச் சுதந்திரம்: காலை வைக்கலாம், வைப்பது போல் காட்டி இழுக்கலாம். டிஃபெண்டருக்கும் சுதந்திரம்: போகலாம், போகாமல் இருக்கலாம். இழுக்கும் காலுக்குப் போகாமல் நின்றதையும் வெற்றியாகக் கணக்கில் சேருங்கள். நான்காம் படியில் பக்கத்தில் நிற்கும் இன், கவர் என்ற இரண்டு டிஃபெண்டர்களும் சேர்ந்து கார்னர் பிடித்ததும் வந்து மூட வேண்டும். ஐந்தாவது, 30 விநாடி கணக்கோடு முழு ரைடு. எல்லாம் சேர்ந்து 25 நிமிடத்துக்குள் முடியட்டும். அதற்கு மேல் போனால் தோளும் விரலும் களைத்துப் பிடி தளரும், தளர்ந்த பிடியே பழக்கமாகும்.

அதிகம் நடக்கும் தவறு, முதல் இரண்டு படியிலேயே ஒரு மாதம் ஓட்டுவது. பிடி அழகாக இருக்கும். ஆனால் எப்போது போவது என்பது பையனுக்குத் தெரியாது. ஆங்கிள் ஹோல்டில் கை பாதி, முடிவு பாதி. மூன்றாம் படிக்கு முதல் நாளே போய்விடுங்கள், பிடி கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. தலை வைக்கும் இடம் மட்டும் முதலிலேயே சரியாக இருக்க வேண்டும்.

7. சொல்லும்போது தலையாட்டுறாங்க, பிராக்டிஸ்ல அருமையா பண்றாங்க. மேட்ச்ல பழைய குருடி கதவைத் திறடிதான். ஏன்?

வரிசையில் நின்று ஒரே பிடியை முப்பது தடவை செய்யும் பயிற்சி பார்ப்பதற்கு நன்றாக இருக்கும். அடுத்து வரப்போவது என்ன என்று பையனுக்கு முன்பே தெரியும் அல்லவா? 1979இல் அமெரிக்காவில் ஷியா, மார்கன் இருவரும் செய்த கையசைவுச் சோதனை ஒன்று புகழ் பெற்றது. ஒரே அசைவை அடுக்காகப் பழகியவர்கள் பயிற்சியின்போது வேகமாக முன்னேறினார்கள். அசைவுகளைக் கலந்து பழகியவர்கள் அப்போது தடுமாறினார்கள். பத்து நாள் கழித்துச் சோதித்தபோது கலந்து பழகியவர்களே முந்தினார்கள்.

கபடியில் இதைச் செய்வது எளிது. ஆங்கிள் ஹோல்டு, தொடைப் பிடி, பிளாக் (வழியை மறித்து நிற்பது) மூன்றில் எது வேண்டுமோ அதற்கு ஏற்றபடி ரைடரை வரச் சொல்லுங்கள், டிஃபெண்டரிடம் சொல்லாதீர்கள். பயிற்சி அலங்கோலமாகத் தெரியும். வேடிக்கை பார்க்கும் ஊர்ப் பெரியவர்கள் "என்னப்பா இது" என்பார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள். புத்தம் புதிய பையனுக்கு மட்டும் முதல் சில நாள் அடுக்காகவே கொடுக்கலாம்.

8. தப்பு பண்ணும்போதெல்லாம் நிறுத்தித் திருத்தணுமா?

வேண்டாம். ஒவ்வொரு முயற்சிக்கும் திருத்தம் வந்தால் பையன் தன் உடம்பைக் கவனிப்பதை விட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கத் தொடங்குவான். மூன்று நான்கு முயற்சி போகட்டும். பிறகு "எங்க நழுவுச்சு?" என்று கேளுங்கள். அவன் சொன்னால் நீங்கள் சொல்லத் தேவையில்லை. சொல்லாவிட்டால் ஒரே ஒரு திருத்தம், இருபது விநாடிக்குள். தலை உள்பக்கம் போவது போல ஆபத்தான தப்புக்கு மட்டும் உடனே விசில்.

சொல்லும் விதமும் முக்கியம். "முழங்கையை மடக்கு, தோளை இறக்கு" என்பதைவிட "அவன் குதிகாலை உன் நெஞ்சுக்குக் கொண்டு வா" என்பது வேலை செய்யும். உறுப்பைச் சொன்னால் உடம்பு விறைக்கும். நடக்க வேண்டியதைச் சொன்னால் உறுப்புகள் தாமாகச் சேரும்.

9. திட்டாம அடிக்காம பசங்க அடங்க மாட்டாங்க சார். எங்க கோச் எங்களை அடிச்சுத்தான் வளர்த்தாரு.

முதலில் சட்டம்: 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிப் பிள்ளையை உடலால், மனத்தால் துன்புறுத்துவதைத் தடை செய்கிறது. மைதானத்துக்கு விலக்கு இல்லை.

பயன் என்று பார்த்தாலும் கணக்கு ஒத்துவராது. அமெரிக்காவில் யூ.சி.எல்.ஏ. கூடைப்பந்து அணிக்குப் பன்னிரண்டு ஆண்டில் பத்து தேசியப் பட்டம் வாங்கித் தந்த ஜான் உடனின் பயிற்சிகளை 1974-75 பருவத்தில் இரண்டு ஆய்வாளர்கள் உட்கார்ந்து எண்ணினார்கள். அவர் செய்த 2,300க்கும் மேற்பட்ட செயல்களில் ஏறத்தாழப் பாதி, என்ன செய்ய வேண்டும், எப்படிச் செய்ய வேண்டும் என்ற நேரடித் தகவல். வெறும் பாராட்டும் வெறும் கண்டிப்பும் இரண்டும் சேர்ந்தாலும் ஏழில் ஒரு பங்கு இல்லை. "எருமை, எங்கடா பார்க்கிற?" என்பதில் தகவல் எதுவும் இல்லை. "கையைப் பார்க்காதே, இடுப்பைப் பார்" என்பதில் இருக்கிறது. குரல் உயரலாம், தப்பில்லை. உயர்ந்த குரலில் தகவல் இருக்கட்டும்.

10. ஒரே டீம்ல 13 வயசுப் பையனும் 19 வயசுப் பையனும் இருக்காங்க. எப்படிச் சேர்த்து நடத்துறது?

கால்வேகம், ரைடு வழி, செயின் நகர்வு மூன்றும் எல்லாருக்கும் சேர்த்தே நடத்தலாம். பிடியும் டேஷும் (ரைடரை மோதி வெளியே தள்ளுவது) வந்தால் வயதைப் பார்க்காமல் எடையைப் பார்த்து ஜோடி சேருங்கள். ஐந்து கிலோவுக்கு மேல் வித்தியாசம் வேண்டாம். சிறியவர்களுக்கு டேஷ் அவசரமில்லை.

பதின்மூன்று பதினாலில் திடீரென உயரும் பையன் போன மாதம் செய்ததை இந்த மாதம் செய்ய முடியாமல் தடுமாறுவான். சோம்பல் என்று நினைக்காதீர்கள், நீண்ட காலுக்கு அவன் இன்னும் பழகவில்லை. முழங்கால் சிப்பிக்குக் கீழே எலும்பு முட்டில் வலிக்கிறது என்று இந்த வயதில் சொன்னால் குதிப்பதையும் உட்கார்ந்து எழுவதையும் குறைத்து, மருத்துவரிடம் அனுப்புங்கள்.

11. மண்ணுலயே ஆடின பசங்க மேட்டுக்குப் போனா திணறுறாங்களே?

மண்ணில் திரும்பும்போது பாதம் சற்று வழுக்கிக் கொடுக்கும். மேட்டில், அதாவது செயற்கை விரிப்பில், ஷூ பிடித்துக்கொள்ளும், பாதம் நின்றுவிடும், முழங்கால் மட்டும் திரும்பும். மூட்டுத் தசைநார் கிழிவது இங்கேதான். மேட்டுக்குப் போகும் முதல் வாரம் பிடி வேண்டாம். சின்னச் சின்ன அடி வைத்துத் திரும்பும் கால்வேலை மட்டும் ஒரு நாளைக்கு இருபது நிமிடம்.

மேட் கிடைக்காத ஊரில் செய்யக்கூடியது அளவைச் சரியாகப் போடுவது. ஆண்களுக்கு 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். நடுக்கோட்டிலிருந்து பாக் லைன் 3.75 மீட்டர், அங்கிருந்து போனஸ் கோடு ஒரு மீட்டர். பெண்களுக்கு 12க்கு 8, பாக் லைன் 3 மீட்டர். அடி அளந்து குத்துமதிப்பாகப் போட்ட கோட்டில் பழகியவன் மேட்டில் போனஸுக்கு அரை அடி குறைவாகவே கால் நீட்டுவான்.

12. பொண்ணுங்க டீமுக்கு நான் ஆம்பளைக் கோச். பிடியைத் தொடாம எப்படிக் காட்டுறது?

மூத்த வீராங்கனைகள் இரண்டு பேருக்கு முதலில் வாய்மொழியாகவும் வீடியோவிலும் சொல்லிக்கொடுத்து, அவர்களை வைத்து மற்றவர்களுக்குக் காட்டுங்கள். இதில் ஒரு லாபமும் உண்டு: காட்டிக்கொடுக்கும் அந்த இருவர் மற்றவர்களைவிட வேகமாகத் தேறுவார்கள். தொட்டே ஆக வேண்டிய இடத்தில் "மணிக்கட்டைப் பிடிச்சுக் காட்டவா?" என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டு, சம்மதித்த பிறகே. பயிற்சியின்போதும் வெளியூர்ப் பயணத்திலும் பெரியவர் ஒரு பெண் உடனிருக்க வேண்டும், ஆசிரியையோ ஒரு வீராங்கனையின் அம்மாவோ. தனியாக அழைத்து அறிவுரை, இரவில் தனிப்பட்ட மெசேஜ் இரண்டும் கூடாது. பெற்றோர் இருக்கும் குழுவில் போடுங்கள். இதே ஒழுங்கு பையன்கள் அணிக்கும் பொருந்தும். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இரு பாலருக்கும் உரியது.

13. எல்லாத்தையும் சொல்லிக்கொடுத்தா பையன் வேற டீமுக்குப் போய் நம்மையே தோற்கடிப்பானே?

தோற்கடிப்பான். நாட்டுக்கே நடந்திருக்கிறது. 1990இல் ஆசிய விளையாட்டில் கபடி சேர்ந்ததிலிருந்து 2014 வரை ஆண்கள் பிரிவில் ஏழு தங்கமும் இந்தியாவுக்குத்தான். 2018 ஜகார்த்தாவில் அரையிறுதியில் ஈரான் 27-18 என்று வென்றது. பெண்கள் இறுதியிலும் ஈரான்தான், 27-24. அந்த ஈரான் பெண்கள் அணிக்குப் பயிற்சியாளர் நாசிக்கைச் சேர்ந்த ஷைலஜா ஜெயின். ஆண்கள் அணியின் ஃபசல் அத்ராச்சலி போன்றவர்கள் புரோ கபடியில் இந்தியர்களோடு ஆடி ஆடித் தேறியவர்கள்.

அதற்காகக் கதவை அடைத்தால் என்ன ஆகும்? அத்ராச்சலி லெஃப்ட் கார்னரில் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்த இந்திய டிஃபெண்டர்களும் அதே லீகில்தான் இருந்தார்கள். அடுத்து ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இரண்டு தங்கமும் இந்தியாவுக்குத் திரும்பின. வீடியோ எங்கும் கிடைக்கும் காலத்தில் ஒளித்துவைக்கக்கூடிய டெக்னிக் என்று பெரிதாக எதுவும் இல்லை. எதிரணி ரைடரைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பை வேண்டுமானால் போட்டி முடியும்வரை வைத்துக்கொள்ளுங்கள்.

14. மேட்ச் நடக்கும்போது வெளியிலிருந்து கத்தினா கேக்குமா?

ரைடுக்கு உள்ளே போனவன் காதில் 'கபடி கபடி'யும் கூட்டத்தின் சத்தமும்தான் விழும். வழக்கமான விதிப்படி ஒரு பாதிக்கு 30 விநாடி டைம் அவுட் இரண்டு கிடைக்கும். அதில் மூச்சு வாங்கப் பத்து விநாடி போய்விடும். மீதியில் இரண்டு செய்திக்குத்தான் இடம்: டிஃபென்ஸுக்கு ஒன்று, அடுத்து யார் ரைடு என்பது ஒன்று. முன்பே பேசிவைத்த ஒற்றைச் சொற்கள் இருந்தால் இது நடக்கும். புது உத்தி அங்கே வேண்டாம்.

15. நான் சொல்லிக்கொடுக்கிறது ஏறுதா இல்லையான்னு எனக்கே எப்படித் தெரியும்?

அன்றைக்கே சோதிக்காதீர்கள், காரணம் 7ஆம் கேள்வியில் இருக்கிறது. இரண்டு வாரம் அந்தப் பிடியைத் தொடாமல் விட்டு, பயிற்சி ஆட்டத்தில் வாயைத் திறக்காமல் எண்ணுங்கள்: எத்தனை தடவை போனான், எத்தனை பிடிபட்டது, போக வேண்டிய நேரத்தில் எத்தனை தடவை நின்றான். இன்னொரு சோதனை, அதை ஜூனியர் ஒருவனுக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். உங்கள் வார்த்தையை அப்படியே ஒப்பித்தால் இன்னும் ஏறவில்லை. தன் வார்த்தையில் சொன்னால் ஏறிவிட்டது. ஒரு நாள் உங்கள் பயிற்சியையும் யாரையாவது படம் எடுக்கச் சொல்லி, எத்தனை நிமிடம் நீங்கள் பேசினீர்கள், எத்தனை நிமிடம் பையன்கள் ஆடினார்கள் என்று பாருங்கள். முதல் முறை பார்க்கும் எல்லாரும் அதிர்வார்கள்.

16. ஒரு பையன் நான் சொன்னபடி பண்ண மாட்டேங்குறான். ஆனா புள்ளி எடுக்கிறான். மாத்தணுமா, விடணுமா?

மூன்று விஷயம் பாருங்கள். அவன் முறையில் அவனுக்கோ எதிரிக்கோ காயம் வருமா? வருமென்றால் மாற்றியே ஆக வேண்டும். காயம் இல்லையென்றால், அவனைவிடப் பலமான டீமுக்கு எதிராகவும் அது புள்ளி தருகிறதா? ஊர்ப் போட்டியில் கை நீளத்தை வைத்தே புள்ளி எடுப்பவன் மாவட்ட அணியின் நல்ல செயினுக்குள் மாட்டுவான். பலமான டீமோடு ஒரு பயிற்சி ஆட்டம் வைத்து அவனே பார்க்கட்டும். மூன்றாவது, அவனுக்கு மாற்று ஆயுதம் ஏதாவது இருக்கிறதா? ஒரே வழியில் புள்ளி எடுப்பவனிடம் அந்த வழியைப் பிடுங்கக் கூடாது, கூட ஒன்று சேர்க்க வேண்டும்.

மூன்றிலும் தேறினால் அவனை விட்டுவிட்டு, 1ஆம் கேள்வியில் சொன்ன வீடியோவை அவனை வைத்து எடுங்கள்.